கோயில் மண்டபத்துல ராப் பாடக்கூடாதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஆடித் திருவிழா முடிஞ்ச கையோட எங்க கோயில் இளைஞர்கள் ஒரு கோரிக்கை வெச்சாங்க. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தாங்களே எழுதின தமிழ் ராப் பாடணும். சந்நிதியில இல்லீங்க, அன்னதானம் போடுற மண்டபத்துல. "அது ரௌடிப் பாட்டு, கோயிலுக்கு ஆகாது"ன்னு பதில் வந்துச்சு. தொண்டூழியர்களான எங்களுக்கு இதுல உடன்பாடு இல்லை.

தமிழ் ராப் சினிமாக்காரங்க நமக்கு அனுப்பி வெச்ச சரக்கு இல்லை. 90களில் கோலாலம்பூரில் பொயட்டிக் அம்மோ குழு பல மொழிகளில் பாடியது. 1998இல் அவர்களுடைய ஆல்பம் வந்தது. அந்தக் குழுவில் இருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு நட்சத்திராவாகச் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' வெளியிட்டார். 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டை எடுத்து அவங்க செய்த 'மடை திறந்து' தமிழ்நாடு வரைக்கும் போச்சு. 2007இல் 'பொல்லாதவன்', 2011இல் 'ஆடுகளம்' என்று கோடம்பாக்கமே அவரைக் கூப்பிட்டது. எப்பவும் அங்கிருந்து வாங்கியே பழகின நாம, அனுப்பி வெச்ச ஒண்ணு இது. இதைத்தான் ரௌடிப் பாட்டுங்கிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம்ம குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், செந்தூல்னு ஃப்ளாட்டுகளுக்கு வந்தன. தோட்டத்துல கோயில்தான் நடு. ஃப்ளாட்டுல நடுவே கார் நிறுத்துமிடம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடியுது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வெறும் ஒரு பாடம், எல்லாப் பள்ளியிலும் அதுவும் கிடையாது. அந்த வயசுல தமிழை விடாம பிடிச்சு வெச்சது யாரு? எங்க ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் ஏழு பேர். அதே பிள்ளைகளோட அண்ணன்கள் கைப்பேசியில் தமிழ்ல வரி எழுதிக்கிட்டு இருக்காங்க. ஒரு தம்பி எதுகைக்கு வார்த்தை தேடி எங்க ஓதுவார் ஐயாகிட்டயே வந்து நின்னான். ஐயா அரை மணி நேரம் திருப்புகழ்ச் சந்தத்தை மேசையில் தட்டிக் காட்டினார். அருணகிரிநாதரை மூச்சுவிடாமல் பாடிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். அந்தத் தம்பிக்கு அது பிடிச்சுப்போச்சு.

கெட்ட வார்த்தை, தண்ணி, பாராங், கும்பல் எண்ணை நெஞ்சு நிமிர்த்திச் சொல்றது, இதெல்லாம் சில பாட்டுகள்ல இருக்கு. மறுக்கலை, எங்களுக்கும் பிடிக்காது. அப்படிப்பட்ட வரி மண்டபத்துக்குள்ள வராது. ஆனா தைப்பூசத்துல உறுமி மேளத்தோட குத்துப்பாட்டு அடிக்கும்போது கண்டுக்காம நிக்கிற நாம, சொந்தமா தமிழ்ல எழுதுற பையனை மட்டும் வாசல்லயே நிறுத்துறது என்ன நியாயம்? இதே பசங்கதான் பத்துமலைக்கு நடந்து போற பக்தர்களுக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீர்ப்பந்தல்ல நின்னாங்க. பாத்திரம் கழுவ வேணும், பாட வேண்டாமா? வாசலை மூடினா அவங்க பாட்டை நிறுத்தப் போறதில்லை. ஃப்ளாட்டுக்குக் கீழே, யாரு காசு கொடுத்தாலும் அவங்க சொல்றதைப் பாடுவாங்க. எங்க பயம் அதுதான்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதை மறுபடியும் வைக்கிறோம். பாடல் வரிகள் முன்கூட்டியே ஓதுவார் ஐயா கையில கொடுக்கப்படும், ஒலிபெருக்கி ஒன்பதரைக்கு அணைக்கப்படும், மண்டபத்தை நாங்களே கழுவி விடுறோம். பெற்றோர்கள் தயவுசெய்து கூட்டத்துக்கு வாங்க. பசங்க எழுதின தாள் எங்ககிட்ட இருக்கு; வேணும்னா வாங்கிப் படிச்சுட்டுப் பேசுங்க.