காங்கேசன்துறையில் இறங்கலாமா?

"ஹம்பாந்தோட்டையில யானை பார்க்கலாம்னு சொல்றாங்க. திருகோணமலையில கோணேஸ்வரமும் பீச்சும் இருக்கு. உங்க காங்கேசன்துறையில இறங்கினா என்ன இருக்கு? பேசாம கப்பல்லயே இருந்துடலாமா?"

2023இல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் வர யோசித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர் என்னிடம் கேட்டது இது. அவர் எங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. கப்பல் பயணிகளிடம் இது வழமையான கணக்கு. அறைக்கும் சாப்பாட்டுக்கும் நீச்சல் தடாகத்துக்கும் இரவுக் கேளிக்கைக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. கரைக்கு இறங்கினால் மேலதிகச் செலவு, வெயில், வரிசை. அந்தச் செலவுக்கு இந்தத் துறைமுகம் பெறுமதியானதா என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுவார்கள்.

எங்களுக்கோ இது வேறொரு கேள்வி. காங்கேசன்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதை முப்பது வருடங்களுக்கு மேலாக வேறு யாரோ தீர்மானித்த இடம் அது.

2023 ஜூன் 16ஆம் திகதி கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்தது. அப்போதைய துறைமுகங்கள் அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வா வந்திருந்தார், புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது, பூமாலை, மேளம், படப்பிடிப்பு எல்லாம் நடந்தன. அடுத்த நாள் பத்திரிகைகளில் வடக்கின் சுற்றுலாவுக்குப் புதிய விடியல் என்ற தொனியில் செய்திகள் வந்தன.

அந்தக் கப்பலின் வயதை அந்தச் செய்திகள் கவனித்ததாகத் தெரியவில்லை. அது புதுக் கப்பல் அல்ல. பிரான்சில் கட்டப்பட்டு, ராயல் கரிபியன் நிறுவனத்தின் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் 1990இல் சேவைக்கு வந்தது. அதே 1990 ஜூன் நடுப்பகுதியில்தான் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். காங்கேசன்துறை, மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, பலாலி, வசாவிளான் என்று ஊர் ஊராகக் காலியானது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. ரயில் நின்றது. கப்பல் கரிபியன் கடலில் விருந்தினரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்த மக்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாடகைக் கொட்டில்களிலும் இருந்தார்கள். 2013இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல்களும் ஒட்டப்பட்டன. பிறகு போராட்டங்களாலும் வழக்குகளாலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பு நடந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் கிடைத்தது. இன்னமும் தங்கள் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே அந்த ஜூன் 16ஆம் திகதி, சென்னையிலிருந்து வந்த ஒரு பயணி, அந்தக் கரையோரத்தின் சில காணி உரிமையாளர்களுக்கு முன்னதாகவே அங்கே கால் வைத்தார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 'விடியல்' என்று எழுதும்போது இதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். ஒன்பது மணித்தியாலம். குடிவரவு, சுங்கம், பஸ்ஸில் ஏற்றுவது என்று ஒரு மணித்தியாலம் போகும். புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரும்பிவிட வேண்டும். யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். பஸ்களை நிரையாக ஓட்டிப் போய்வர ஒன்றரை மணித்தியாலம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று. மிஞ்சுவது நாலரை மணித்தியாலம். அதற்குள் கோட்டை, நூலகம், நல்லூர். நல்லூரில் மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தால் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நயினாதீவை மறந்துவிடலாம், புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் போய், அங்கிருந்து படகில் போய்த் திரும்புவதற்குள் கப்பல் போய்விடும்.

கப்பல் போய்விடும் என்பது வெறும் பேச்சல்ல. உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் விதி அது. கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவில் போனவர்களின் பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனியாக ஓட்டோ பிடித்துப் போனவர் பிந்தினால் காத்திருக்காது. அந்தப் பயத்திலேயே பெரும்பாலானோர் நிறுவனத்தின் சுற்றுலாச் சீட்டை வாங்குகிறார்கள். எந்தப் பஸ், எந்த வழிகாட்டி, எந்த ஹோட்டலில் சாப்பாடு, எந்தக் கடையில் பத்து நிமிடம் என்பதெல்லாம் கப்பல் கரையைக் காணுமுன்பே பேசி முடிந்த விடயம். துறைமுக வாசலில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் பனங்கட்டி விற்கும் பெண்ணுக்கும் அந்தப் பேச்சில் இடமில்லை. எத்தனை கப்பல் வந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் சொல்லும் சுற்றுலாப் புள்ளிவிபரங்களை நான் நம்பாதது இதனால்தான். வந்தவர் எத்தனை மணித்தியாலம் கரையில் நின்றார், யார் கையில் காசு கொடுத்தார் என்று கணக்கெடுத்தால் படம் மாறும்.

(நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. சுற்றுலா வருமானத்தைக் கூட்டிக் காட்ட விரும்புபவர்களுக்கு அது ஒரு தலையிடிதான்.)

கரீபியன் தீவு நாடான ஹெயிட்டியில் லபாடி என்று ஒரு கடற்கரை இருக்கிறது. அந்த நாட்டின் வடகரையில் உள்ள அந்தத் துண்டை ராயல் கரிபியன் நிறுவனம் 1980களிலிருந்து குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, தன் பயணிகளுக்கு மட்டுமான கடற்கரையாக நடத்தி வந்தது. பயணி இறங்குவார், குளிப்பார், நிறுவனத்தின் சாப்பாட்டைச் சாப்பிடுவார், வேலிக்குள் அனுமதிக்கப்பட்ட வியாபாரிகளிடம் ஒரு மரச்சிற்பம் வாங்குவார், ஹெயிட்டியைப் பார்க்காமலேயே ஹெயிட்டிக்குப் போய்வந்துவிடுவார். 2010 ஜனவரியில் தலைநகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கிய சில நாட்களிலேயே அங்கு உல்லாசக் கப்பல் போனபோது உலகமே முகம் சுளித்தது. நிவாரணப் பொருட்களையும் கொண்டுபோகிறோம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதில் முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் விடயம் சிக்கலானது.

காங்கேசன்துறை லபாடி அல்ல. அங்கே வேலி உல்லாசப் பயணிக்காகப் போடப்பட்டது. இங்கே வேலி முன்பே இருந்தது, பயணி பிறகு வந்தார். ஆனாலும் ஒற்றுமைகள் உண்டு. துறைமுகத்துக்கு அருகே கடலோடு ஒட்டியிருக்கும் விடுதி 'தல்செவன'. அதை நடத்துவது இராணுவம். கீரிமலைப் பக்கம் மக்களின் காணியில் கட்டப்பட்ட ஜனாதிபதி மாளிகை நிற்கிறது. தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரைக்கு எதிராகக் காணிக்காரர்கள் போயா நாட்களில் போராடுகிறார்கள். பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது நடக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைப் பலகையும் கூடவே வந்தது. படம் எடுக்கக் கூடாத வீதிக்குப் பக்கத்தில் சுற்றுலாத் துறைமுகம்! கரையில் சாப்பிடவும் தங்கவும் வசதியான இடங்களில் ஒரு பகுதி இராணுவத்தின் கையில் இருக்கும்போது, சுற்றுலாவால் வரும் காசு முதலில் எங்கே போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அப்படியானால் வேண்டாம், வராதீர்கள் என்பதா? எங்களில் சிலர் அப்படியும் சொல்கிறார்கள். காணி முழுதும் விடுபடும்வரை சுற்றுலா என்பது ஆக்கிரமிப்புக்கு வெள்ளையடிப்பது என்பது அவர்கள் வாதம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கப்பல் வராமல் போனால் வேலி நகராது. 1990இலிருந்து இரண்டு தசாப்தங்கள் அங்கு யாருமே போகவில்லை. அதனால் ஒரு ஏக்கரும் விடுபடவில்லை. வெளியாட்கள் வந்து பார்க்கும் இடத்தில் ஒன்றை மறைப்பது, யாரும் வராத இடத்தில் மறைப்பதைவிடக் கடினம்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: இறங்குங்கள், ஆனால் யாழ்ப்பாண நகரத்துக்கு ஓடாதீர்கள். ஒன்றரை மணித்தியாலத்தை வீதியில் விடாமல், துறைமுகத்தைச் சுற்றி ஐந்து கிலோமீற்றருக்குள் நில்லுங்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். அந்தக் கோயிலுக்கான முருகன் சிலை இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய துறை என்பதால்தான் கயாத்துறை காங்கேசன்துறை ஆனது என்பது எங்கள் ஊர்க் கதை. இந்தியாவிலிருந்து வந்தவர் இறங்கியதால் பெயர்பெற்ற ஊரில், இந்தியாவிலிருந்து வருபவர் இறங்கலாமா என்று கேட்பது வேடிக்கைதான். அங்கிருந்து கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பக்கத்தில் நகுலேஸ்வரம். 1990இல் குண்டுவீச்சில் சேதமாகி, 2012இல்தான் கும்பாபிஷேகம் கண்ட கோயில். வழியில் சீமெந்துத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு. கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே வீட்டுத்திட்டத்தில் எழுந்த சின்ன வீடுகள். எந்த வீடு ஏன் அப்படி நிற்கிறது என்று ஓட்டோக்காரரைக் கேளுங்கள். அவர் அந்த ஊர்க்காரராக இருந்தால், அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்வது எந்த அச்சிட்ட கையேட்டிலும் இல்லை.

ஆனால் இது ஒரு நண்பருக்குச் சொல்லக்கூடிய பதில். பஸ்ஸில் ஏற்றப்படும் மற்றவர்களுக்கு யார் சொல்வது? வலிகாமம் வடக்கிலிருந்து இளைஞர்களைத் தெரிந்து, வழிகாட்டி உரிமத்துக்குப் பயிற்றுவித்து, அந்த ஐந்து கிலோமீற்றரை ஒரு சுற்றாக விற்பது பெரிய முதலீடு கேட்கும் வேலையல்ல. முனைய வாசலுக்குள் ஊர் ஓட்டோச் சங்கத்துக்கு ஒரு வரிசையும், பனைசார் பொருள் செய்யும் பெண்களுக்கு நாலு கடையும் கொடுப்பதும் அப்படித்தான். கப்பல் முகவர்களோடு பேசும்போது மாகாண சபையோ பிரதேச சபையோ முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள் இவை. மாகாண சபைத் தேர்தலே நடக்காமல் வருடங்கள் ஓடுவதால் பேசுவதற்கு ஆளில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு ஒப்பீடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களிலேயே காலநிலையைக் காரணம் காட்டி நின்றது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' அதே வழியில் ஓடத் தொடங்கியது. 150 பேர் ஏறலாம். உல்லாசக் கப்பலின் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. மாரி மழைக்கு நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி ஓடியது. மாலை, மேளம், அமைச்சர் எல்லாம் முதல் நாளோடு சரி. ஆனால் இந்தப் படகில் வருபவர் 'இறங்கலாமா' என்று யோசிப்பதில்லை, இறங்கத்தான் வருகிறார். அவருக்கு அன்றிரவு ஒரு அறை வேண்டும், இரவுச் சாப்பாடு வேண்டும், அடுத்த நாள் நயினாதீவு போகவேண்டும். தமிழகத்தில் உறவினர் இருப்பவருக்கு, விமானச் சீட்டுக்கு வழியில்லாதவருக்கு, சிறு வியாபாரிக்கு அது ஒரு பாதை. ஊருக்குள் காசு இறங்குவது இந்தப் படகால். மாரியில் மாதக்கணக்கில் நிற்காமல் அது ஓட என்ன செய்யலாம் என்பதுதான், உல்லாசக் கப்பல் மறுபடி எப்போது வரும் என்பதைவிட நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி. துறைமுக அபிவிருத்திக்கு இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை தருவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் யாருக்கு முதலிடம் என்று இப்போதே கேட்கலாம்.

கேட்பவர்களில் மயிலிட்டி மீனவர்களும் இருக்க வேண்டும். இதே துறைமுகத்துக்கு வேறொரு வகை இந்தியரும் வருகிறார்கள்: எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கடற்படை பிடித்துவரும் தமிழக மீனவர்கள். அவர்களுடைய இழுவைப் படகுகள் கிழக்கே சில கிலோமீற்றரில், இருபத்தேழு வருடம் காத்திருந்து திரும்பப் பெற்ற மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டப்பட்டு, எங்கள் மீனவர் படகு கட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உக்குகின்றன. சென்னையிலிருந்து வருபவருக்கு நேரம் மிஞ்சினால் அதையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பலாம். ஓட்டோவில் பத்து நிமிடம்.