நியூட்ரல்ல இறங்குற லாரி

அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு டீ குடிக்கப் போனா, கடை வாசல்ல வரிசையா லாரி நிக்கும். போன வாரம் சங்ககிரிக்காரர் ஒருத்தர்கிட்ட பேச்சு கொடுத்தேன். பெங்களூர்ல லோடு ஏத்தி சேலம், கோயம்புத்தூர்னு ஓடுறவர். "தொப்பூர்ல எப்படிண்ணே இறங்குவீங்க?"ன்னு கேட்டேன். "நியூட்ரல்ல தான் தம்பி. மைலேஜ் காட்டணும்ல?" ரொம்ப சாதாரணமா சொல்லிட்டார். எனக்குத்தான் டீ இறங்கலை.

தர்மபுரியில இருந்து சேலம் போற வழியில இருக்கு தொப்பூர் கணவாய். 2024 ஜனவரி 24-ம் தேதி அங்க இரட்டைப் பாலத்துல, கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால போன வண்டிங்க மேல மோதி 4 பேர் செத்துப் போனாங்க. அங்க லாரி கவிழ்றப்பல்லாம் நாம சொல்றது ஒண்ணே ஒண்ணு தான்: டிரைவருக்குப் பொறுப்பில்லை.

மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்குறவன் நான். பழைய பாசத்துல ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 25 டன் லாரி 100 மீட்டர் உயரம் கீழ இறங்கினா சுமார் 24.5 மெகாஜூல் சக்தி எங்கயாவது போயாகணும். கிட்டத்தட்ட முக்கா லிட்டர் டீசலை எரிச்ச சூடு! கியர்ல இறங்கினா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிச்சு பாரத்துல ஒரு பங்கை வாங்கிக்கும். நியூட்ரல்ல அத்தனையும் பிரேக் டிரம் தலையில. சூடு ஏற ஏற பிரேக் பிடிமானம் போயிடும். சில பேர் எஞ்சினையே அணைச்சுடுறாங்க. அப்போ கம்ப்ரஸரும் நின்னுடும், டேங்க்ல இருக்கற காத்து ஒவ்வொரு மிதிக்கும் குறையும், ஸ்டியரிங்கும் கல்லாயிடும்.

இதுல கொடுமை என்னன்னா, செங்குத்தான இறக்கத்துல நியூட்ரல் டீசலையும் மிச்சப்படுத்தாது. இப்ப வர்ற எலக்ட்ரானிக் எஞ்சின்கள்ல, கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் சுத்தமா நின்னுடும். நியூட்ரல்ல தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும்.

அப்புறம் ஏன் விடலை? லேசான சரிவுல நியூட்ரல்ல விட்டா உண்மையிலேயே டீசல் மிச்சமாகும். பழகின கை கணவாய்லயும் அதையே செய்யுது. பழக வெச்சது யாரு? பல இடத்துல லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு முதலாளி கணக்கு வெச்சிருக்கார். மிச்சம் பிடிச்சா டிரைவருக்குக் காசு, குறைஞ்சா படியில கை வைப்பாங்க. பூந்தமல்லி டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் ஊர்ந்ததுக்கு அந்தக் கணக்குல இடமே இல்லை. அங்க விட்டதை எங்க பிடிப்பார்? இறக்கத்துல தான்.

"நியூட்ரல்ல ஓட்டாதே"ன்னு போர்டு வைக்கலாம், ஃபைன் போடலாம். வேணாம்னு சொல்லலை. ஆனா போர்டை அரை நிமிஷம் பார்க்கிற டிரைவருக்கு, மைலேஜ் கணக்கு மாசம் பூரா மண்டையில ஓடுது. என் கட்சி இதுதான்: மலை இறங்குற கிலோமீட்டரை மைலேஜ் கணக்குல இருந்தே எடுத்துடுங்க. வண்டி எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் காட்டுது, கழிக்கிறது பெரிய வேலையே இல்லை. நானே ஒரு ராத்திரியில எழுதித் தருவேன் :-)

அவர் டீ கிளாஸை வெச்சுட்டு, "நீங்க சொல்றது சரிதான் தம்பி, ஆனா ஓனர்கிட்ட யாரு சொல்றது?"ன்னு கேட்டுட்டு வண்டியில ஏறிட்டார். எனக்குப் பதில் தெரியலை. அதான் இங்க எழுதிட்டேன்.