பதிக்கிறதெண்டா ஷொக்கையும் சேர்த்து மாத்துங்கோ

அண்ணாவின் கார் ஒரு ஹொண்டா சிவிக், ஈகே3. 1997இல் செய்தது, என்னைவிட வயது மூத்தது. ஜேர்மனியில் இருக்கிற மாமா அனுப்பிய காசும் அம்மாவின் ஒரு சோடிக் காப்பும் அதுக்குள்ளதான் கிடக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருசமும் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் பழையதைத்தான் பூசி மினுக்கி ஓடினார்கள். பெடியள் அதைப் பதிச்சும் ஓடினார்கள்.

போன வருசம் அண்ணாவும் பதிச்சான். ஸ்பிரிங் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு கராஜில் கொண்டுபோய் விட, கிரைண்டரால் முன்னுக்கு ஒன்றரை வளையம், பின்னுக்கு ஒரு வளையம் வெட்டிக் கொடுத்தார்கள். கூலி மட்டும்தான் செலவு. பின்னேரம் கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் பிடித்திருந்தது. ரயருக்கு மேலே இருந்த அந்தப் பெரிய இடைவெளி இல்லாமல் போய், நிலத்தோட ஒட்டிக்கொண்டு வடிவா நிண்டுது.

மூன்று கிழமை கழித்துத் திருக்கேதீச்சரம் போக வெளிக்கிட்டோம். ஏ32 ரோட்டில் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கேக்க மாடு ஒன்று குறுக்க வந்தது. அண்ணா பிரேக் அடித்த இடத்தில் ரோட்டு கொஞ்சம் பதிந்து எழும்பியிருந்தது. காரின் முன்பக்கம் ‘டொக்’ என்று கீழே குத்தி, துள்ளி எழும்பி, திரும்பவும் குத்தியது. பின் சில்லுகள் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் வர, கார் பக்கவாட்டாக இழுத்துக்கொண்டு போய் மணலுக்குள் இறங்கி நின்றது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பின் சீற்றில் இருந்த அம்மாவுக்கு மட்டும் இரண்டு கிழமை கழுத்து நோ.

அதோடு வீட்டில் ஒரே தீர்ப்புத்தான். ‘கார் பதிக்கிறது காவாலியளின்ர வேலை.’ அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. பதிப்பதில் பிழையில்லை. காரின் பாரம் நிலத்துக்குக் கிட்ட வந்தால் வளைவில் சரிவது குறையும், திருப்பினால் உடனே திரும்பும். பிழை, பாதி வேலையைச் செய்துபோட்டு முழு வேலை என்று நினைத்ததில். அது அண்ணாவின் பிழை மட்டுமில்லை. ஊரில் பதிந்து நிற்கிற எத்தனையோ காருக்குள் இதே பாதி வேலைதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு உதெல்லாம் எதுக்கு எண்டு ஒரு மெக்கானிக் அண்ணா கேட்டார். என்ர கணக்கு ஓ.எல். உடன் நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் இதுக்கு வகுக்கத் தெரிந்தால் காணும்.

ஸ்பிரிங் செய்வது ஒரே வேலை: அமுங்கும்போது சக்தியைச் சேர்த்து வைத்து, உடனே திருப்பிக் கொடுக்கும். தானாக நிற்கத் தெரியாது. ஷொக் அப்சோபர்தான் அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் இழுத்து, சூடாக்கிக் கரைத்து நிறுத்துவது. ஒன்று துள்ளுகிற ஆள், மற்றது கையைப் பிடிக்கிற ஆள். துள்ளுகிறவருக்குப் பலம் கூடினால் பிடிக்கிறவருக்கும் கூட வேண்டும்.

இப்ப வெட்டின ஸ்பிரிங்குக்கு வருவம். ஒரு ஸ்பிரிங்கில் வேலை செய்கிற வளையம் ஆறு என்று வையுங்கோ. ஒன்றரையை வெட்டினால் மிச்சம் நாலரை. வளையம் குறைந்த அதே அளவுக்கு விறைப்புக் கூடும். ஆறை நாலரையால் வகுத்துப் பாருங்கோ, 1.33 வரும். அதாவது விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஆனால் அதைப் பிடிக்கிற ஷொக் 1997இலேயே இருக்கிறது, அதுவும் கிழண்டின ஷொக். பிறகு துள்ளாமல் என்ன செய்யும்?

விறைப்பைவிட மோசமானது இடம். கார் சும்மா நிற்கும்போது சில்லு மேலே போக இடம் இருக்க வேண்டும். அது 75 மில்லிமீற்றர் என்று வைப்பம். 30 பதிச்சால் 45 தான் மிச்சம். முன்பு 75 மில்லிமீற்றருக்குள் அடங்கின அதே குழியை இப்போது 45க்குள் அடக்க, கிட்டத்தட்ட 2.8 மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேணும். அப்படி ஒன்றைப் போட்டால் மாட்டு வண்டிலில் போகிற மாதிரி இருக்கும், ஒருத்தரும் போட மாட்டார்கள். ஆகவே குழிக்குள் விழுந்தால் பம்ப் ஸ்ரொப் என்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டும். அந்த ‘டொக்’ அதுதான். முட்டின அந்தக் கணத்தில் விறைப்பு ஒரேயடியாக ஏறி, ரயரின் பிடி போய்விடும். பிரேக்கில் கால் இருக்கிற நேரம் அது நடந்தால் என்ன ஆகும் என்று மணலுக்குள் நின்று பார்த்தோம்.

இன்னொன்று. வெட்டின ஸ்பிரிங்கின் அடி, கிண்ணத்தில் சரியாக உட்காராது. காரை ஜக் போட்டுத் தூக்கினால் கையால் சுற்றலாம், அவ்வளவு லூஸ். எங்கட காரில் நானே சுற்றிப் பார்த்தேன். ரோட்டில் சில்லு தொங்குகிற ஒரு நேரம் அது இடம் மாறி இருந்தால் கதை முடிஞ்சுது. சிலர் வெட்டாமல் காஸால் சூடாக்கிப் பதிப்பார்கள். அது இன்னும் மோசம், இரும்பின் பதமே போய்விடும்.

அப்ப எதை வாங்குறது? லோவரிங் ஸ்பிரிங் எண்டு செய்தே விற்கிறார்கள். ஜேர்மனியின் ஐபாக், ஜப்பானின் டெயின் எல்லாம் அதில் பேர் போனவை. குறிப்பிட்ட காருக்கென்று நீளமும் விறைப்பும் கணக்குப் பார்த்துச் செய்தவை. 25, 30 மில்லிமீற்றர் பதிக்கிறதோடு நில்லுங்கோ என்பது என் கருத்து. எங்கட உள்ரோட்டு மதகுகளுக்கு அதுவே கூட.

ஆனால் ஸ்பிரிங் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் திரும்பவும் பாதி வேலைதான். பழைய ஷொக்கின் தண்டு உயரமான காருக்கு அளந்தது. பதிந்த காரில் அது எப்போதும் பாதி உள்ளே போன நிலையிலேயே நின்று வேலை செய்யும், அடியில் முட்டவும் பார்க்கும். இதுக்காகத்தான் பில்ஸ்ரைன் கொம்பனி இரண்டு விதமாகச் செய்கிறது: பி6 சாதாரண உயரத்துக்கு, பி8 கட்டையாக்கினது, பதிந்த காருக்கு. கொனியின் மஞ்சள் ஷொக்கில் திரும்பி எழும்புகிற வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், ஸ்பிரிங்குக்கு ஏற்ற மாதிரி. கேவைபியின் எக்செல்-ஜி நல்ல சாமான், ஆனால் அது கொம்பனி உயரத்துக்கான மாற்று. பெட்டியில் பேர் இருக்கிறதைப் பார்க்காமல் எந்த உயரத்துக்குச் செய்தது என்று கேளுங்கோ. கேட்டால் சில கடைகளில் முகத்தைச் சுளிப்பார்கள், பொம்பிளைப் பிள்ளை கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட. சுளிக்கட்டும்.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஷொக் எடுக்கிற ஆக்கள் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கோ. எண்ணெய் கசிந்திருந்தாலோ தண்டில் துருப்புள்ளி இருந்தாலோ விட்டிட்டு வாங்கோ. அமத்தேக்க ஒரே சீராக இறங்க வேண்டும், நடுவில் ‘பொசுக்’ என்று வெறுமையாகப் போனால் உள்ளே ஒன்றுமில்லை. நாலும் ஒரே வகை கிடைக்காவிட்டாலும் முன் சோடியும் பின் சோடியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு வீல் அலைன்மென்ற். ஈகே சிவிக்கின் தொங்கு அமைப்பு டபிள் விஷ்போன். அடுத்த தலைமுறையில் முன்பக்கத்துக்கு அதை ஹொண்டா விட்டுவிட்டது. பதிச்சால் சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும், டோவும் மாறும். அண்ணாவின் முன் ரயர் இரண்டும் மூன்று மாதத்தில் உள்பக்கத்தால் நூல் தெரியத் தேய்ந்தன. வெட்டிக் கொடுத்த கராஜில் அலைன்மென்ற் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஹெட்லைற்றையும் திருப்பிச் சரிபார்க்கச் சொல்லவில்லை.

கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் காணுமென்றால் ஷொக்கை வாங்குங்கோ, உயரத்தை அப்படியே விடுங்கோ. இதைச் சொன்னால் பெடியள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். புது ஷொக் போட்டது படத்தில் தெரியாதுதான். ஆனால் கார் ஓடுகிற விதம் மாறுவது அம்மாவுக்கே தெரிந்தது. பின் சீற்றில் இருந்து ‘இப்ப கார் நல்லாப் போகுது’ என்று அவவாகவே சொன்னா.

இப்போது எங்கட சிவிக் கொம்பனி ஸ்பிரிங்கில், புது ஷொக்கோடு, கொக்கு மாதிரி உயரமாக நிற்கிறது. அண்ணா ஸ்பிரிங்குக்குக் காசு சேர்க்கிறான். அவன் 40 எண்டுறான், நான் 25 எண்டுறன்.