அதிராம்பட்டினத்தில் எங்கே சாப்பிடலாம்?



"டாக்டர், ஊருக்கு வர்றோம். அதிரையில நம்ம ஊர்ச் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்? மந்தி, ஷவர்மா எல்லாம் எங்க சாப்பிடலாம்?"

லீவு சீசன் வந்தாலே இன்பாக்ஸில் இந்தக் கேள்விதான். கடைப் பெயர் சொல்லி நான் எழுதுவதில்லை. அரசு மருத்துவர் அந்த வேலை பார்க்கக் கூடாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பதிலுக்கு முன்னால் ஒரு நைட் டூட்டி கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு இரவு பதினோரு மணி. 8 வயசுப் பையன். வாப்பா வளைகுடாவில் இருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி குடும்பமாக ஷவர்மா. ஞாயிறு காலையில் இருந்து பையனுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். மருந்துக் கடையில் "பேதியை நிறுத்துற மாத்திரை" வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வரும்போது கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, மதியத்தில் இருந்து ஒரு சொட்டு சிறுநீர் போகவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

டிரிப்ஸ் ஏறி, விடியற்காலை நாலு மணிக்கு "சார், பையன் ஒன்னுக்குப் போயிட்டான்" என்று சிஸ்டர் வந்து சொன்ன பிறகுதான் நான் டீ குடித்தேன்.

அப்போது அந்த உம்மா சொன்னாங்க, "நம்ம மீன் ஆணத்தையும் சோத்தையும் தின்னுருந்தா இது வந்திருக்காது டாக்டர். வெளிநாட்டுச் சாப்பாடே ஆகாது."

அவங்க கோபம் நியாயம். ஆனால் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதிரைக்கு எது வெளிநாட்டுச் சாப்பாடு? வட்டலாப்பம் இலங்கை உறவில் வந்தது. சபுராளிகள் போன ஊரெல்லாம் இந்த ஊர் அடுப்படிக்கு ஏதாவது கொடுத்திருக்கிறது. கல்யாணத்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஊருக்கு, ஏமன் நாட்டு மந்தித் தட்டு ஒன்றும் அதிசயம் இல்லை. கிருமி பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. சூட்டையும் நேரத்தையும் பார்த்துத்தான் வருகிறது.

5 டிகிரியில் இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதற்குக் கீழே பிரிட்ஜில் இருக்கணும், இல்லை அதற்கு மேலே ஆவி பறக்கணும். நடுவில் வெதுவெதுப்பாக எது மணிக்கணக்கில் கிடந்தாலும் எனக்குப் பயம்தான், அது பிரியாணியாக இருந்தாலும் சரி, நம்ம வீட்டு நெய்ச்சோறாக இருந்தாலும் சரி. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. மதியம் மிஞ்சிய சோற்றை வெளியில் வைத்திருந்து ராத்திரி ஃப்ரைடு ரைஸ் ஆக்கினால் ஆபத்து அங்கேதான்.

ஷவர்மாவுக்கு வருவோம். கம்பியில் குத்திய கோழி அடுக்கு சுற்றும்போது வெளிப்பக்கம்தான் வேகும், உள்ளே பச்சை. கூட்டம் அதிகமானால் வேகும் முன்னே சீவுவார்கள். கூட்டம் குறைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அப்புறம் பற்ற வைப்பார்கள். ரெண்டுமே தப்பு. 2022 மே மாதம் கேரளாவின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்தார். அந்தச் சம்பவத்தில் ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நம்ம நாமக்கல்லில் 14 வயது மாணவி. ரெண்டும் ஒரே வேளைச் சாப்பாடு.

கூடவே வரும் மயோனைஸ் இன்னும் மோசம். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. காரணம் சால்மோனெல்லா. அரசாணைத் தேதியெல்லாம் சால்மோனெல்லாவுக்குத் தெரியாது. நீங்கள் "மயோ வேண்டாம், பூண்டுச் சட்னி வைங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.

மந்தியை நான் அவ்வளவு பயப்படுவதில்லை. மூடிய அடுப்பில் நேரம் எடுத்து வேகும் கறி, சூடாக வந்தால் நல்ல சாப்பாடுதான். சட்டி எப்போது இறங்கும் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். இரவு பதினோரு மணிக்கு ஈசிஆர் ரோட்டில் வண்டியை நிறுத்தி "என்ன காக்கா மிச்சம் இருக்கு?" என்று கேட்காதீர்கள்.

இப்போ நம்ம ஊர்ச் சாப்பாடு. என்னைக் கேட்டால் அதிரையில் சாப்பிட வேண்டியது கடல்தான். கொடுவா, நண்டு, இறால். காலையில் வந்த மீனை வாங்கி மதியமே குழம்பு வைத்து, தீர்ந்ததும் கடையைச் சாத்துகிற சின்ன மெஸ் எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். ஏசி இருக்காது, பரவாயில்லை. பத்துப் பக்க மெனு கார்டு வைத்திருக்கிற கடையில்தான் எனக்குச் சந்தேகம் வரும். அத்தனையையும் இன்றைக்கா வாங்கினார்கள்?

அதற்காக மீன் என்றால் முழு உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள். சூரை, அயிலை மாதிரி மீன்களை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. "மீன் அலர்ஜி" என்று வருகிறவர்களில் சிலருக்கு அலர்ஜியே கிடையாது, கெட்டுப்போன மீன்தான். (சைவம் சாப்பிடுபவர்கள் கோபிக்காதீர்கள், பட்டுக்கோட்டை பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.)

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சஹனிலும் மந்தித் தட்டிலும் எவ்வளவு சோறு உள்ளே போனது என்று கணக்கே தெரியாது. உங்கள் பங்கைத் தனித்தட்டில் எடுத்து வையுங்கள், முதலில் கறியையும் காயையும் சாப்பிடுங்கள். சொந்தக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

கடைக்குள் போனதும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். ஒரே கடையில் சாப்பிட்ட பலருக்கு வயிறு கெட்டால் மருத்துவரிடம் கடை பெயரோடு சொல்லுங்கள், உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் புகார் கொடுங்கள். அந்தப் பையன் குடும்பத்தில் மூன்று பேருக்குப் பேதி. புகார் கொடுக்கச் சொன்னேன். "தெரிஞ்ச பையன் கடை டாக்டர், விடுங்க" என்றார் அவன் வாப்பா. அடுத்த வாரம் அதே கடையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை சாப்பிடும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னேன்.

வயிறு கெட்டுவிட்டால்: ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்கணும், அரை டம்ளரில் அல்ல. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாக. பிள்ளைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ராத்திரியும் நாங்கள் இருப்போம்.