புன்னைக்காயலின் வரலாறு புன்னைக்காயலில் இருக்க வேண்டும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். அந்த ஊரின் பழைய வரலாற்றைத் தேடுகிறவர் வாத்திகன் நூலகத்துக்குப் போக வேண்டும். லிஸ்பனுக்கும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும். மூல ஏடுகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. பிறந்த ஊரில் அவற்றில் ஒன்றும் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையின் ஒவ்வொரு ஊருக்கும் இதே கதைதான். இந்த நிலையை மாற்ற ஒவ்வொரு கடலோர ஊராட்சியும் தன் வரலாற்றைத் தானே எழுதி, தானே காக்கும் ஓர் ‘ஊர் வரலாற்றுப் பதிவேடு’ தொடங்க வேண்டும். அதற்குத் தமிழ்நாடு அரசு ஆணையும் நிதியும் தர வேண்டும். தொடக்கம் புன்னைக்காயலாக இருக்கட்டும்.

ஏன் புன்னைக்காயல்? போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார் 1547இல் முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கரைக்கு வந்தார். இந்தக் கரையின் மக்களிடம் தமிழ் கற்று, அந்தத் தமிழுக்கே போர்த்துகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம் கொண்ட அந்தச் சிறு நூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சானது. 1586இல் அச்சான அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் பெரிய நூல். அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இந்த அச்சுப் பணிக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு தமிழ் அச்செழுத்தாக மாறியது. இந்தச் செய்தியை அறியாமலேயே இந்தக் கரையில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள்.

நூல்கள் போன இடங்களைப் பாருங்கள். இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. தம்பிரான் வணக்கத்தின் படி ஹார்வர்டில் இருக்கிறது. அடியார் வரலாற்றை வாத்திகன் நூலகத்தில் 1954இல் கண்டெடுத்து உலகுக்குச் சொன்னவர், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார். நானூறு ஆண்டுகள் நாம் காக்காததை வேறு யாரோ காத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் நகலாவது ஊருக்கு வர வேண்டாமா?

இந்தக் கரையின் கதை ஓர் ஊரோடு நிற்பதும் இல்லை. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வயற்காட்டுக் கிராமம். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய செழிப்பான நகரம் அதுதான். பிறகு அதுவும் மேடேறிப் பழைய காயல் ஆனது. போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல் தலைமையிடமாகி, பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இடம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஓர் ஆறு தன் வண்டலால் நான்கு ஊர்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. இதைக் கண்டு எழுதிய முன்னோடி கால்டுவெல். அவர் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் 1968-69இலும் அண்மையில் 2021இலும் அகழாய்வு செய்தது. மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்ட அரசு காட்டும் அக்கறை பாராட்டுக்குரியது. மண்ணுக்கு மேல் உயிரோடு இருப்பவர்களின் நினைவைத் தோண்டுவது யார் பொறுப்பு?

முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அன்று பதினெட்டு வயதில் கடலில் இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்றைப் பிடித்து வள்ளங்கள் சிப்பி விளையும் பாருக்குக் கிளம்பும். கல் கட்டிய கயிற்றோடு ஒருவர் இறங்க, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவர் கயிற்றை அசைப்பார். அந்த அசைவை உணர்ந்து தூக்க வேண்டும். கைப்பிடி தளர்ந்தால் உயிர் போகும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள்: தன் தங்கையின் கணவனை அவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. மதியம் கடற்காற்று ஏறியதும் திரும்பி வந்து சிப்பியைக் குவிப்பார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. ஆயிரம் சிப்பி என்ன விலை என்று கரையிலேயே ஏலம் நடக்கும். சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

அரசாங்கத்தின் கணக்கு ஆவணங்களில் இருக்கிறது: எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்று. குளித்தவர் காதில் இரத்தம் கசிந்ததும், பங்கு பிரித்ததில் வந்த சண்டையும், சலாபம் நடக்காத ஆண்டுகளில் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கரையின் பொதுவாழ்வும் இப்படித்தான். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று ஏழு கடல்துறையாக எண்ணப்பட்ட பரதவர் ஊர்களில் ஊர்க் கமிட்டி என்பது வெறும் திருவிழாக் குழு இல்லை. எந்த வலையை எப்போது விடலாம், மீன்பாட்டில் ஊருக்கும் கோவிலுக்கும் என்ன பங்கு, கடலில் காணாமல் போனவர் வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் பேசித் தீர்த்த இடம் அது. புன்னைக்காயலில் பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்று மக்கள் தந்த பணத்தில் நடந்தது. ஊராட்சிச் சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஊர்களுக்குத் தம்மைத் தாமே ஆளத் தெரிந்திருந்தது. அந்த நடைமுறைகளை எழுதி வைக்காவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கமிட்டி என்றால் கொடியேற்றத்துக்கு நன்கொடை வாங்குகிறவர்கள் என்று மட்டும்தான் தெரியும்.

‘வேலையும் விலையும்தான் மீனவன் பிரச்சினை; பழங்கதை யாருக்கு வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரையில் பழங்கதைக்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் களம் போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அவை சரியாகக் குறிக்கப்படவில்லை என்ற புகார் தமிழகக் கடற்கரையெங்கும் எழுந்தது. இந்த மணலில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கரைவலை இழுத்தோம் என்று வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். கிராம சபையில் ஒப்புதல் பெற்ற பதிவேட்டில் இருந்தால் எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாது. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் விரிந்துகொண்டிருக்கும், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த மாவட்டத்தில், புறம்போக்கு என்று பேர் எழுதிய இடமெல்லாம் யாரும் பயன்படுத்தாத இடமாகத்தான் கோப்பில் தெரியும். வளர்ச்சியை இந்த நாளிதழ் எதிர்க்கவில்லை. ஆனால் நிலத்தைக் கேட்கும்போது அந்த நிலத்தின் கதையையும் கேட்க வேண்டும் என்கிறோம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பீரோவின் அடித்தட்டிலும் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியிலும்தான் நம் வீடுகளில் பத்திரமும் பழைய புகைப்படமும் தோணிக் கணக்கு நோட்டும் இருக்கும். ஆற்றின் கடைசி ஊரில் இப்படி ஒரு மழை இனி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு ஸ்கேனரும் ஒரு வாரமும் இருந்தால் காப்பாற்றக்கூடியதை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுப்பது சோம்பல் அன்றி வேறில்லை.

‘ஊர் வரலாறு என்று ஆரம்பித்தால் சாதிப் பெருமையும் மதப் பூசலும்தான் மிஞ்சும்’ என்பது அடுத்த அச்சம். இதற்கும் அடிப்படை இருக்கிறது. 1535-37இல் பரதவர்கள் பெருந்திரளாகக் கிறிஸ்தவம் தழுவியதன் பின்னணியில் முத்துக்குளிப்பு உரிமைக்காக முஸ்லிம்களோடு இருந்த பகை உண்டு. புன்னைக்காயல் 1553இல் தாக்கப்பட்டபோது அண்டிரிக் அடிகளாரே சிறைபிடிக்கப்பட்டார். இதே கரையில்தான் காயல்பட்டினத்து மரைக்காயர்களும் கடல் வணிகம் செய்து வாழ்ந்தார்கள். புண்படும் என்று எதையும் மறைக்கவும் வேண்டாம். மார்தட்ட எதையும் சேர்க்கவும் வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நினைவுகள் இருந்தால் இரண்டையும் சொன்னவர் யார் என்ற குறிப்போடு பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். எழுதாமல் விட்ட வரலாறுதான் வாட்ஸ்அப்பில் வதந்தியாக வளர்கிறது.

‘நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறதே?’ என்றும் கேட்கலாம். அது தேவையான பணி. ஆனால் அங்கே போவது தொல்பொருள். மூதாட்டி ஒருவர் பாடும் அம்பாப் பாட்டையும், கரையில் தெரியும் கோவில் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்வைத்துப் பாரைக் கண்டுபிடிக்கும் கடலோடியின் கணக்கையும் கண்ணாடிப் பேழையில் வைக்க முடியாது. இப்போது அந்தக் கணக்கின் வேலையை ஜிபிஎஸ் செய்கிறது. இந்தக் கரையின் வாழ்வை இதுவரை விரிவாக எழுத்தில் கொண்டுவந்தது நாவல்தான். உவரிக்காரரான ஜோ டி குருசின் ‘கொற்கை’க்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு நாவலாசிரியர் தனியாளாகச் செய்ததில் ஒரு பகுதியையாவது அரசும் ஊரும் சேர்ந்து செய்யக் கூடாதா?

இங்கிலாந்தைப் பாருங்கள். ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அங்கே 1538இல் ஆணை பிறந்தது. நம் கரையில் பரதவர் மதம் மாறிய அதே காலம். 1899இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் திட்டம் ஊர் ஊராக எழுதி இன்னும் தொகுதிகள் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் லண்டனை ஒட்டி நகரத்துக்குள் கரைந்துபோன சாதாரணக் கிராமத்துக்குக்கூட, குளம் எது, பொதுநிலம் எது என்று சொல்ல ஒரு புத்தகம் இருக்கிறது. தூத்துக்குடி 2008இல் மாநகராட்சியாகி, பிறகு சுற்றியிருந்த ஊராட்சிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சேர்ந்த ஊர்களில் எத்தனைக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது?

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஊரில் உள்ள மரத்துக்கும் மீனுக்கும் பதிவேடு உண்டு என்றால் மனிதருக்கும் ஒன்று வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடுகளில் பல, பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்ததும் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. அந்தத் தவறு இங்கே கூடாது.

செய்ய வேண்டியவை இவை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் ஆசிரியர், மீனவர், பெண்கள், படித்த இளைஞர் அடங்கிய குழுவை ஊராட்சி அமைக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்களின் குரலை முதலில் பதிவு செய்ய வேண்டும். ஆவணங்கள் அடுத்த மாதமும் இருக்கும், அவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது. பங்குக் கோவில்களும் ஜமாஅத்துகளும் தங்கள் பழைய பதிவேடுகளை நகலெடுக்க அனுமதி தர வேண்டும். தமிழ் வளர்ச்சித் துறை வாத்திகன், லிஸ்பன், ஹார்வர்டு நூலகங்களிடம் தரமான நகல் கேட்டு வாங்கி, அண்டிரிக் அடிகளாரின் நூல்களைப் புன்னைக்காயலில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வெள்ளம் எட்டாத உயரத்தில் ஓர் அறை போதும். மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதுவே களப்பணியாகட்டும்.

சிலைக்கும் நுழைவாயில் வளைவுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். மாவட்ட ஆட்சியர் அடுத்த கிராம சபைக் கூட்டங்களின் பொருள் நிரலில் இதைச் சேர்க்க வேண்டும். அவர் சேர்க்காவிட்டால், கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரும் உரிமை ஊர் மக்களுக்கே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.