எந்தத் தட்டை வாங்குவது?

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். கடலோடிகளின் ஊர். அங்கே ஒரு வீட்டின் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கும்? மூத்த மகனின் கல்யாணம் கறுப்பு வீடியோ காஸெட்டில் இருக்கும். அடுத்த மகளின் கல்யாணம் வி.சி.டி. தட்டில் இருக்கும். கடைக்குட்டியின் கல்யாணம் டி.வி.டி.யில் இருக்கும். பேரனின் ஞானஸ்நானம் ஒரு பென் டிரைவில் இருக்கும்.

எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பார்க்க முடியாது! காஸெட் போடும் பெட்டி பழுதாகிப் பல வருஷம் ஆயிற்று. தட்டுப் போடும் பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தாவும் போய்விட்டார். அவர் நடந்ததும் சிரித்ததும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கின்றன. அதைத் திறக்கச் சாவி இல்லை.

இது புன்னக்காயலின் கதை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

"இருப்பதில் எது உயர்ந்ததோ அதை வாங்குங்கள், கவலை விட்டது" என்பார் கடைக்காரர். இந்த யோசனை சரிதானா? சற்று விசாரித்துப் பார்ப்போம்.

இரு கட்சிகளின் யுத்தம்

2006-ஆம் வருஷம் உலகச் சந்தைக்கு இரண்டு புதுப் படத்தட்டுகள் வந்தன. ஒன்று ஜப்பானின் தோஷிபா கம்பெனி முன்னின்று நடத்திய எச்.டி. டி.வி.டி. மற்றொன்று சோனியும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்த புளூ-ரே. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அகலம் ஒன்றுதான்; பளபளப்பும் ஒன்றுதான். ஆனால் இதன் பெட்டியில் அது ஓடாது. அதன் பெட்டியில் இது ஓடாது!

தட்டிலே எழுதியிருப்பதை ஓர் ஒளிக்கதிர்தான் படிக்கிறது. பருமனான ஆணியால் ஓலையில் எழுதினால் நாலு வரி அடங்கும். கூரிய ஆணியால் எழுதினால் எட்டு வரி அடங்கும். அதே கணக்குத்தான் இங்கும். பழைய சி.டி.யைப் படிக்கும் கதிரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டி.வி.டி.க்கு 650. புதிய இரண்டு தட்டுகளுக்கும் நீல ஊதாக் கதிர், அலைநீளம் 405. கதிர் கூர்மையானதால் எழுத்தும் பொடியாயிற்று. டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொள்ளும். எச்.டி. டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 15. புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25.

கதிர் ஒன்றாயிருந்தும் ஏன் ஒத்துப்போகவில்லை? எழுத்து இருக்கும் ஆழம் வேறு. எச்.டி. டி.வி.டி.யில் அது டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஆகவே பழைய ஆலைகளையே சிறிது மாற்றி அதைத் தயாரிக்க முடிந்தது. புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர் ஆழந்தான். இடம் அதிகம் கிடைத்தது. ஆலைச் செலவும் அதிகமாயிற்று. ஒன்றில் சிக்கனம், மற்றொன்றில் தாராளம். இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது.

தீர்ப்புச் சொன்னவர் யார்?

படம் பார்க்கும் ஜனங்களா? இல்லை. இரண்டிலும் படத்தின் தெளிவு ஏறக்குறைய ஒன்றுதான். சோனி தன் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3-க்குள் புளூ-ரேயை வைத்து 2006 நவம்பரில் விற்கத் தொடங்கியது. விளையாட்டுக்காக வாங்கியவர் வீட்டிலும் புளூ-ரே நுழைந்துவிட்டது. 2008 ஜனவரியில் ஹாலிவுட்டின் வார்னர் கம்பெனி, இனி எங்கள் படங்கள் புளூ-ரேயில் மட்டுமே என்று அறிவித்தது. அடுத்த மாதம் 19-ஆம் தேதி தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டு விலகியது.

இரண்டு வருஷத்தில் யுத்தம் முடிந்தது. காயம் பட்டது யார்? தோற்ற கட்சியை நம்பிப் பணம் போட்டுப் பெட்டி வாங்கிய குடும்பஸ்தன்தான்!

இது முதல் தடவையும் அல்ல. 1975-இல் சோனி பீட்டாமாக்ஸ் காஸெட்டைக் கொண்டுவந்தது. மறு வருஷம் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். காஸெட்டைக் கொண்டுவந்தது. பீட்டாமாக்ஸில் முதலில் ஒரு மணி நேரந்தான் பதிவு செய்யலாம்; வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். வி.எச்.எஸ். வென்றது. ஆனால் வென்றவனும் நிலைத்தானா? அந்தக் காஸெட் பெட்டியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஃபூனாய் கம்பெனி 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தோற்றவன் முதலில் போகிறான். வென்றவன் பின்னால் போகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஊர்க் கணக்கு

மேல்நாட்டார் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? மலிவான வி.சி.டி.யிலே படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, மூன்று தட்டு. நடுவில் எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். படம் மங்கல்தான். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. 2007-இல் மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. சினிமா டிக்கெட் காசில் படமே சொந்தம்! இந்த விலைக்கு முன்னால் புளூ-ரே எடுபடுமா?

இதை அறியாமை என்று சிலர் கேலி செய்தார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பெட்டியிலும் ஓடுகிற தட்டு எது, பழுதானால் பஜாரில் சரிசெய்யக் கூடியது எது என்று பார்த்து வாங்கினார்களே, அது விவேகம். ஆனால் அந்த விவேகம் வாங்குவதோடு நின்றுவிட்டது. காப்பாற்றும் காரியத்துக்கு வரவில்லை. மோசர் பேயர் கம்பெனியும் நிலைக்கவில்லை. 2018-இல் அதைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று.

புன்னக்காயலின் பாடம்

காப்பாற்றும் காரியத்துக்குப் பாடம் புன்னக்காயலிலேயே இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் பல காலம் வாழ்ந்தவர் போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் அன்றீக் அடிகளார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அவருடைய பெரிய நூலான 'அடியார் வரலாறு' 1586-இல் வந்தது. அது புன்னக்காயலிலேயே அச்சானதாக அறிஞர் பலர் சொல்லுகிறார்கள்.

ஓலையிலே எழுதிவந்த நாட்டில் காகிதமும் அச்சும் அன்றைக்குப் புதுச் சரக்கு அல்லவா? அந்தப் புத்தகங்கள் எப்படிப் பிழைத்தன? நம் கடற்கரையில் அல்ல. ஒன்றின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மற்றொன்றின் பிரதி ரோமாபுரியின் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனால்தான் 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் 'அடியார் வரலாற்றை'த் தூத்துக்குடியிலிருந்து மறுபடியும் பதிப்பிக்க முடிந்தது.

ஓலைச்சுவடியின் கதையும் இதுதான். ஓலை நைந்துபோவதற்கு முன்னால் அடுத்த தலைமுறை அதைப் புது ஓலையில் பெயர்த்து எழுதியது. பெயர்த்து எழுதிய சுவடி பிழைத்தது. எழுதாத சுவடி கரையானுக்குப் போயிற்று. சினிமாவிலும் அப்படியே. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. படச்சுருள் மட்டமானது என்பதற்காக அவை அழியவில்லை. மறு பிரதி எடுத்துப் பல இடத்தில் வைப்பார் இல்லாமல் அழிந்தன.

"எல்லாம் போனில் வருகிறதே!"

"இனிமேல் தட்டு எதற்கு ஐயா? எல்லாப் படமும் போனிலேயே வருகிறதே!" என்று இளைஞர் கேட்கலாம். வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் அது வாடகை வீடு. மாதச் சந்தா கட்டும்வரை வாசம். வீட்டுக்காரர் இந்த மாதம் காட்டிய படத்தை அடுத்த மாதம் எடுத்துவிட்டால் கேட்க முடியாது. உங்கள் அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தியோ அக்காள் கல்யாணமோ எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இராது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களுடையதுதான்.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவை நல்ல தெளிவோடு சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசையா? புளூ-ரே வாங்குங்கள், வேறு போட்டி இன்று இல்லை. ஆனால் பெட்டி வாங்கும்போது பழைய டி.வி.டி.யும் சி.டி.யும் அதில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். அதையும் சாசுவதம் என்று நம்பவேண்டாம். வீட்டில் பதிவு செய்வதற்கான வெற்றுப் புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனியே நிறுத்திவிட்டது!

குடும்பப் படங்களுக்கு எந்தத் தட்டையும் தனியாக நம்பாதீர்கள். கடற்காற்றில் காஸெட் பூஞ்சை பூக்கும். வீட்டில் பதிவு செய்த தட்டு வெயிலிலும் உஷ்ணத்திலும் கெடும். ஓடும் பெட்டி எங்காவது ஒன்று அகப்படும்போதே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் மகளிடம், ஒன்று தம்பி வீட்டில். சில வருஷத்துக்கு ஒரு தடவை புதியதில் பெயர்த்து எழுதுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மாவட்ட நூலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓடுகிற நிலையில் ஒரு காஸெட் பெட்டி, ஒரு தட்டுப் பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், அவற்றை இயக்கத் தெரிந்த ஓர் ஆள் வைத்தால் என்ன? சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கலாம். பெரிய செலவு ஆகாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நல்ல நாட்கள் பிழைக்கும்.

காஸெட் பெட்டி செய்ய இனி ஆள் இல்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் வயதாகி ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தட்டு உயர்ந்தது என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பரணில் இருக்கும் பெட்டியைக் கீழே இறக்குங்கள்!