தீவு எழுதும் கரிக்கணக்கு

ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் மண்சட்டியைக் கவிழ்த்துக் கண்மை சேர்க்கும் முறையை நம் பாட்டிமார் நன்கு அறிவர். சட்டியின் உட்புறத்தில் படியும் அக்கருந்தூளே புகைக்கரி. எரிபொருள் முற்றும் எரியாத இடத்திலெல்லாம் அது பிறக்கும். விறகடுப்பு, வறட்டி, வயலில் எரியும் வைக்கோல், செங்கற்சூளை, டீசல் வண்டி ஆகிய யாவும் அதனைக் காற்றில் கலக்கின்றன. அறிவியலார் இதனைக் கருங்கார்பன் என்பர். கண்ணுக்கு அழகூட்டும் இப்பொருள் நுரையீரலுக்குப் பகை. வானில் பரவினால் கதிரவன் ஒளியை உட்கொண்டு காற்றைச் சூடாக்கவும் செய்கின்றது.

இதனை அளப்பதற்குக் கடல் நடுவே உள்ள தீவுக்குச் செல்வானேன் என்று அன்பர்கள் வினவலாம். நகரத்து நாற்சந்தியில் வைத்த கருவி, அருகில் நின்று உறுமும் லாரியின் கதையையே பெரிதும் சொல்லும். தொலைதூரத் தீவை வந்தடையும் காற்றோ பல நூறு மைல் கடந்து, பல ஊர்களின் புகையும் ஒன்றாய்க் கலந்த காற்று. ஒரு பெருநிலப்பரப்பின் மொத்தக் கணக்கை அங்கேதான் காண இயலும்.

1999-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை இந்துமாக்கடலில் நடைபெற்ற பேராய்வு இதனை மெய்ப்பித்தது. அதனை முன்னின்று நடத்திய இருவருள் ஒருவர், மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. ராமநாதன், மற்றவர், 1995-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவருள் ஒருவரான பால் குருட்சன். கப்பல்கள், விமானங்கள் ஆகியவற்றோடு மாலத்தீவின் காசிதூ என்னும் சிறு தீவிலும் கருவிகள் அமைக்கப்பட்டன. ஆலை எதுவும் இல்லாத அக்கடல்வெளியின் மேல், ஏறக்குறைய 1 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் பழுப்புப் புகைத்திரை கவிந்திருந்தது. குளிர்காலத்து வடகிழக்குக் காற்று அதனைத் தெற்காசிய நிலத்திலிருந்து சுமந்து வந்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடலின் தூய காற்று வருவதாலும், மழை துகள்களைக் கழுவிவிடுவதாலும் வானம் தெளிந்துவிடும். ஒரே தீவு ஆண்டுக்கு இருமுறை முகம் மாறுவது, புகை எங்கிருந்து வருகின்றது என்பதற்குச் சான்றாகின்றது.

அளக்கும் முறை எளியது. வெள்ளை வடிகட்டி நாடாவின் ஓரிடத்தின் வழியே கருவி காற்றை ஈர்க்கும். கரி படியப்படிய அவ்விடம் கறுக்கும். அதனூடே செல்லும் ஒளி குறையும். ஒளி குறைந்த அளவும் ஈர்த்த காற்றின் அளவும் தெரிந்தால் கரியின் அளவு கிடைத்துவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று அதனைக் கூறுவர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணிய வேலையில் தீவின் சமையற்புகையோ மின்னாக்கியின் புகையோ குறுக்கிட்டால் கணக்குப் பிழையாகும். ஆதலின் காற்றை உள்வாங்கும் குழாயை உயரத்தில் அமைப்பதோடு, காற்றின் திசையையும் உடன் குறித்து வைப்பர். நம் நாட்டில் இலட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய்த் தீவிலும், அந்தமானின் போர்ட் பிளேரிலும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் இவ்வகை அளவுகள் எடுக்கப்பட்டுள்ளன.

கரி எவ்வளவு என்பதோடு, எதனை எரித்ததால் வந்தது என்பதையும் அறிய வழியுண்டு. அண்மையில் வாழ்ந்த மரத்தின் கரியில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கூறு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்திருந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இராது. மாலத்தீவின் அனிமாதூவிலும் புனே அருகிலுள்ள சிங்ககட் மலையிலும் திரட்டிய துகள்களை இவ்வாறு சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். கரியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, பயிர்க்கழிவு முதலியவற்றால் வந்தது எனத் தெரிந்தது. அதாவது, கடல் நடுவே நாடாவைக் கறுக்கச் செய்ததில் ஏழைத் தாய்மாரின் அடுப்புக்கும் பங்குண்டு. அத்தாய்மாரைக் குறைகூறுதல் அறமாகாது. அப்புகையை முதலில் உண்பவர்கள் அவர்களும் அவர்தம் குழந்தைகளுமே. 2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஏழை இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் நடைபெற்று வருகின்றது. ஆயினும் மறு உருளை வாங்கப் பணமின்றி விறகுக்கே திரும்பும் வீடுகளும் உள.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கரியமிலவாயு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். கரியோ ஏறக்குறைய ஒரு வாரத்தில் மண்ணிலோ கடலிலோ படிந்துவிடும். ஆதலின் இன்று குறைத்தால் அதன் பயன் நம் காலத்திலேயே தெரியும்.

வடபுலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மார்கழிக் குளிரில் குடியிருப்பின் வாயிலில் இரவுக் காவலர் குச்சியும் குப்பையும் எரித்துக் குளிர் காய்வதைப் பலரும் கண்டிருப்பர். அவருக்கு ஒரு மின்கணப்பும் கம்பளியும் அளிக்குமாறு குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் குழியிலிட்டு எருவாக்கச் சொல்லுங்கள். செலவு சிறிது, முதற்பயன் அக்காவலரின் மூச்சுக்கும், அடுத்தது உங்கள் குழந்தைகளின் மூச்சுக்கும் உரியது.